கணக்கு நோட்டும் வாடகைச் சைக்கிளும்

ஓர் அறிவியல் அமைப்பின் மாவட்டக் கிளை ஓராண்டில் என்னென்ன செய்யும் என்பது பலருக்கும் தெரிந்ததுதான். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள், ராமன் விளைவு பற்றி ஒரு பேச்சு. ஆகஸ்ட் 6 ஹிரோஷிமா நாள், பள்ளிப் பிள்ளைகளின் ஊர்வலம். கிரகணம் வந்தால் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டாம் என்று ஊர் ஊராகச் சொல்லி, அட்டையில் ஊசித்துளை போட்டுச் சூரியனின் பிம்பத்தைத் தரையில் விழவைத்துக் காட்டுவார்கள். இடையிடையே துளிர் இதழுக்குச் சந்தா சேர்ப்பார்கள். கடைசியில் பொருளாளர் வரவு செலவு வாசிப்பார். கைதட்டி, டீ குடித்துக் கலைவார்கள். இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை, நாட்டில் அறிவியல் பேச்சு உயிரோடிருப்பதே இப்படிப்பட்ட கூட்டங்களால்தான். ஆனால் 1991 நடுவிலிருந்து 1992 ஆகஸ்டு வரை புதுக்கோட்டையில் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தாரின் உழைப்பு இவை எவற்றுக்கும் போகவில்லை. அவர்கள் கையில் இருந்தவை சிலேட்டும் அரிக்கேன் விளக்கும் வீட்டுக்கு வீடு எழுதிய கணக்கு நோட்டும். பிறகு, யாரும் எதிர்பாராத விதமாக, சைக்கிளும். அறிவொளி இயக்கம் என்ற அந்த எழுத்தறிவுப் பணியின் ஆண்டை அறிவியலுக்கு விடுமுறை கொடுத்துவிட்டுச் சேவைக்குப் போன ஆண்டு என்று பார்ப்பது எளிது. அந்தப் பார்வை தவறு என்பது என் கட்சி. பேச்சில் அறிவியல் மிகக் குறைவாக இருந்த அந்த ஆண்டில்தான் செயலில் அது மிகுதியாக இருந்தது. அது எந்த இடத்தில் கைநழுவியது என்பதையும் அதே ஆண்டின் ஆவணங்கள் காட்டிக்கொடுக்கின்றன.

இந்த இயக்கம் வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1962-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்துதான் முன்னோடி. மலையாளத்தில் அறிவியல் எழுத வேண்டும் என்று கூடியவர்கள், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் சமூக மாற்றத்துக்கு அறிவியல் என்று பேசத் தொடங்கினார்கள். பாட்டும் நாடகமுமாக ஊர் சுற்றும் கலைப்பயணத்தைக் கண்டுபிடித்தார்கள். தமிழ்நாட்டில் ஆய்வு நிறுவனங்களிலும் கல்லூரிகளிலும் இருந்த சிலர் 1980-இல் அறிவியல் இயக்கத்தைத் தொடங்கினார்கள். 1987 அக்டோபர் 2 அன்று நாட்டின் ஐந்து முனைகளிலிருந்து கிளம்பிய மக்கள் அறிவியல் பயணம் ராமனின் பிறந்த நாளான நவம்பர் 7 அன்று போபாலில் முடிந்தது. விஷவாயு கசிந்து மூன்று ஆண்டுகள்கூட நிறையாத ஊர் அது. யாருக்காக அறிவியல் என்ற கேள்வியை அதைவிடக் கூர்மையாகக் கேட்கும் இடம் அன்று இந்தியாவில் வேறில்லை. ஆனால் இந்தப் பயணங்களில் இயக்கத்தார் திரும்பத் திரும்ப மோதிய சுவர் மிகச் சாதாரணமானது. கொண்டுபோன நூலையும் துண்டறிக்கையையும் கூட்டத்தில் பாதிப்பேரால் வாசிக்க முடியவில்லை. 1989 ஜனவரி 26-இல் எர்ணாகுளத்தில் பரிஷத்தும் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து தொடங்கிய முழு எழுத்தறிவுப் பணி 1990 பிப்ரவரி 4-இல் நிறைவடைந்ததாக அறிவிக்கப்பட்டபோது, மற்ற மாநிலத்து அறிவியல் அமைப்புகளுக்கு ஒரு வழி கிடைத்தது. புதுவைக்கு வந்தது, பின் தமிழக மாவட்டங்களுக்கும்.

எர்ணாகுளத்தையும் புதுக்கோட்டையையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. எர்ணாகுளம் ஏற்கெனவே பெரும்பாலோர் படித்த, சாலையும் நூலகமும் நிறைந்த மாவட்டம். புதுக்கோட்டை வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் சோறு, இல்லையேல் கல்குவாரி. 1948 வரை தொண்டைமான்களின் சமஸ்தானமாக இருந்து, பிறகு திருச்சி மாவட்டத்தின் ஒரு பகுதியாகி, 1974-இல்தான் தனி மாவட்டமானது. 1991 கணக்கெடுப்பின்போது இங்கே பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் பாதிக்கும் குறைவு. முத்துலட்சுமி ரெட்டி பிறந்த ஊர் இது. ஆண்கள் படித்த மன்னர் கல்லூரியில் தனியொரு பெண்ணாகச் சேர்ந்து, 1912-இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றவர். ஊரின் பெருமைக்கு அவரைச் சொல்லலாம், சான்றுக்குச் சொல்ல முடியாது. ஒருவர் விதிவிலக்காக உயர்ந்தார் என்பது மற்றவர்கள் எப்படி இருந்தார்கள் என்பதைத்தான் நினைவூட்டுகிறது.

இனி அந்த ஆண்டின் வேலைக்கு வருவோம். பாடம் தொடங்குவதற்கு முன் இரண்டு காரியங்கள் நடக்க வேண்டும் என்பது முழு எழுத்தறிவுப் பணியின் வரிசைமுறை. முதலில் கலைப்பயணம் ஊருக்குள் வரும். அடுத்தது வீட்டுக்கு வீடு கணக்கெடுப்பு. இந்தக் கணக்கெடுப்பைத்தான் நாம் உற்றுப் பார்க்க வேண்டும். அரசின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் எழுத்தறிவைக் கேட்கிறது. ஆனால் அங்கே வீட்டில் யாரோ ஒருவர் தரும் பதில்தான் விடை. ஏழு வயதுக்கு மேற்பட்டவர், புரிந்து எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்று வரையறை இருந்தாலும், தெரியுமா என்று யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. மேலும், முடிவில் அங்கே எஞ்சுவது ஒரு விழுக்காடு மட்டுமே. அறிவொளியின் கணக்கெடுப்பில் எஞ்சியது பெயர்ப் பட்டியல். எந்தத் தெருவில், எந்த வீட்டில், எத்தனை வயதுள்ள யாருக்கு எழுத்து தெரியாது. அதே தெருவில் சொல்லித்தர யார் இருக்கிறார்கள் என்று இரண்டையும் ஒரே நடையில் குறித்துக்கொண்டு வந்தார்கள். ஒரு தொண்டருக்குப் பத்துப் பேர் என்பது வழிகாட்டு அளவு. தொண்டர்களுக்குச் சம்பளம் கிடையாது. பள்ளியில் பத்தாவது, பன்னிரண்டாவது படித்துவிட்டு வீட்டில் இருந்த பெண்பிள்ளைகள் பெரும் எண்ணிக்கையில் இதற்குள் வந்தார்கள். கற்போரின் நோட்டில் அம்மா, அத்தை, பக்கத்து வீட்டுப் பெரியம்மா என்று தெரிந்த பெயர்களே இருந்ததால், வராதவரைப் பொய்யாக வந்ததாகக் காட்டுவது அவ்வளவு எளிதல்ல.

அளவுகோலும் இருந்தது. தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988-இல் தொடங்கியபோது, எழுத்தறிவு பெற்றவர் என்றால் யார் என்பதற்கு எண்களாலான விடை வைத்துக்கொண்டது. ஒரு நிமிடத்துக்கு 30 சொற்களை வாய்விட்டுப் படிக்க வேண்டும். பார்த்து எழுதுவதில் நிமிடத்துக்கு 7 சொல், சொல்லக் கேட்டு எழுதுவதில் 5 சொல். 1 முதல் 100 வரை எழுதத் தெரிய வேண்டும். மூன்று இலக்கம் வரை கூட்டல் கழித்தல் போட வேண்டும். படிப்படியாக ஏறும் மூன்று பாடநூல்கள், ஏறத்தாழ 200 மணி நேரப் படிப்பு, நூலுக்குள்ளேயே இடையிடையே தேர்வுகள். நிமிடத்துக்கு ஏழு சொல் எழுதுவது எழுத்தறிவா என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். என்றாலும் கையெழுத்துப் போடத் தெரிந்தால் போதும், கைநாட்டு ஒழிந்தது என்று திருப்திப்பட்ட பழைய முதியோர் கல்வித் திட்டங்களோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். இங்கே சொல்லப்பட்டதைப் பொய்யாக்க வழி இருந்தது. நோட்டில் பெயர் இருக்கிறது, அளவு இருக்கிறது. சந்தேகப்படுகிறவர் அந்த வீட்டுக்குப் போய் ஒரு பத்தியைக் கொடுத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளலாம். அறிவியல் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

முதியோருக்கு அ, ஆ சொல்லித்தருவது நல்ல காரியம், அதை ஏன் அறிவியல் என்று அழைத்துக் குழப்ப வேண்டும் என்ற மறுப்பு எழும். கணக்கெடுப்பும் அளவீடும் நடந்தால் எல்லாம் அறிவியலாகிவிடுமா, வரி வசூலும் அப்படித்தானே நடக்கிறது? நியாயமான கேள்வி. ஆனால் அறிவியல் கழகங்களின் வரலாற்றைப் புரட்டினால் விடை தொடக்கத்திலேயே இருக்கிறது. லண்டன் ராயல் சொசைட்டி 1660-இல் தொடங்கி இரண்டே ஆண்டுகளில் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டவர்களில் ஜான் கிரான்ட் ஒருவர். அவர் துணிமணிச் சாமான் விற்ற கடைக்காரர். தேவாலயங்கள் வாராவாரம் வெளியிட்ட இறப்புப் பட்டியல்களை உட்கார்ந்து கூட்டி, எந்த வயதில் எத்தனை பேர் சாகிறார்கள், எதனால் சாகிறார்கள் என்று 1662-இல் ஒரு நூல் எழுதினார். அந்த நூலுக்காகத்தான் இடம் கிடைத்தது. குழாயும் குடுவையும் இல்லாமல், ஏற்கெனவே எல்லோர் கண்முன்னும் கிடந்த பட்டியலை ஒழுங்காக எண்ணியதே அறிவியலாக ஏற்கப்பட்டது. வரி வசூலிப்பவர் எண்ணுவது வாங்குவதற்கு. கிரான்ட் எண்ணியது தெரிந்துகொள்வதற்கு. புதுக்கோட்டைத் தொண்டர்கள் எண்ணியது தெரிந்துகொண்டு மாற்றுவதற்கு, மாறியதா என்று மறுபடி எண்ணுவதற்கு. இந்த மறுபடி எண்ணுதல்தான் என் வாதத்தின் அச்சாணி.

அந்த ஆண்டின் புகழ்பெற்ற பகுதி சைக்கிள். பின்னாளில் இது ஒரு கவித்துவமான நிகழ்ச்சியாகவே சொல்லப்பட்டு வருகிறது: காற்றில் முந்தானை பறக்க, பெண்கள் கூட்டம் கூட்டமாகப் போகும் படம். படம் பொய்யல்ல. ஆனால் அது ஒரு நடைமுறைச் சிக்கலிலிருந்து பிறந்தது. எழுத்து, உள்ளடங்கிய ஊர்களின் பெண்களைச் சேர வேண்டுமென்றால் சொல்லித்தருகிறவர்களும் பெண்களாக இருக்க வேண்டும். பேருந்து போகாத ஊருக்கு, அதுவும் மாலையில் நடக்கும் வகுப்புக்கு அவர்கள் எப்படிப் போய்த் திரும்புவார்கள்? அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் பெண் தொண்டர்களுக்குச் சைக்கிள் பழக்கும் யோசனையை எழுத்தறிவுப் பணிக்குள்ளேயே வைத்தார். பெண் தானாக ஓரிடத்துக்குப் போய்வர முடியாமையும் அவளுடைய தயக்கமும் ஒன்றோடொன்று பின்னியவை, ஒன்றை அவிழ்த்தால் மற்றதும் நெகிழும் என்பது அதன் அடிப்படை. வங்கிகள் சைக்கிள் வாங்கக் கடன் கொடுக்கும்படி நெருக்கப்பட்டன, ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் பொறுப்பு பிரித்துத் தரப்பட்டது. எழுதக் கற்றுக்கொள்ள வந்தவர்களும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டார்கள். இயக்கத் தொண்டர் ஒருவர் கட்டிய சைக்கிள் பாட்டு ஊரெங்கும் ஒலித்தது. 1992 மகளிர் நாளில் 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் புதுக்கோட்டை நகரத்துக்குள் வந்தார்கள். யுனிசெப் அமைப்பு பெண் தொண்டர்களுக்காக 50 மொபெட்டுகள் கொடுத்தது.

இதில் எத்தனை உண்மை, எத்தனை உற்சாகம்? புதுக்கோட்டைச் சைக்கிளை நாடறியச் செய்த பத்திரிகையாளர் பி. சாய்நாத், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் பழகியதாகவும், 70,000-க்கும் மேற்பட்டோர் பொது இடங்களில் நடந்த போட்டிகளில் ஓட்டிக்காட்டியதாகவும் எழுதினார். பெரிய எண்கள். இயக்கத்தின் கணக்கையே இயக்கத்தின் சாதனைக்குச் சான்றாகக் காட்டுவது சரியல்ல என்று ஒருவர் சொன்னால் நான் ஒப்புக்கொள்வேன். ஆனால் சாய்நாத் இன்னொரு சான்றையும் தேடிப் போயிருக்கிறார். உள்ளூர்ச் சைக்கிள் விற்பனையாளர் ஒருவரிடம் பெண்களுக்கான சைக்கிள் விற்பனை ஒரே ஆண்டில் 350 விழுக்காடு கூடியிருந்தது. கடைக்காரருக்கு அறிவொளியின் பெயரைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை, அவர் பில் புத்தகம் வேறு கேள்விக்கு எழுதப்பட்டது. அதோடு அந்த எண் குறைமதிப்பீடு என்பதற்கும் காரணம் உண்டு: பெண்கள் சைக்கிளுக்காகக் காத்திராமல் பலர் ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள், சிலர் அதையே விரும்பினார்கள். நடுவில் இருக்கும் பாரில் பிள்ளையை உட்காரவைத்துக்கொள்ளலாமே! வாடகைக்கு எடுத்துப் பழகியவர்கள் இந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள். பேருந்துக்குக் காத்திருந்த நேரம் மிச்சமானதையும், பொருளைப் பக்கத்து ஊர்களுக்கும் கொண்டுபோய் விற்க முடிந்ததையும், தண்ணீர்க் குடம் கேரியரில் ஏறியதையும் விவசாயக் கூலிகளும் அங்கன்வாடி ஊழியர்களும் சொல்லியிருக்கிறார்கள். கேலியும் இருந்தது, கெட்ட பேச்சும் இருந்தது. இருந்தும் ஓட்டினார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

சைக்கிள் கிடைத்தால் பெண்ணின் வாழ்க்கை மாறும் என்ற கருதுகோள் புதுக்கோட்டையில் நிரூபிக்கப்பட்டது என்று சொன்னால் அது மிகை. ஒப்பிட்டுப் பார்க்கச் சைக்கிள் இல்லாத இன்னொரு மாவட்டத்தை அவர்கள் ஒதுக்கி வைக்கவில்லை. வகுப்பு, பாட்டு, கடன், ஆட்சியரின் ஆதரவு, குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்குக் குத்தகைக்கு விட்டது எல்லாம் ஒரே சமயத்தில் நடந்தன. எதன் பயன் எது என்று பிரிக்க முடியாது. ஆனால் நல்ல கேள்வி ஒன்றைச் சோதிக்கத்தக்க வடிவில் கண்முன் வைப்பதும் அறிவியல் வேலையின் பாதி. மறுபாதியைப் பிறகு வேறிடத்தில் செய்தார்கள். தமிழ்நாட்டில் பள்ளி மாணவியருக்கு விலையில்லாச் சைக்கிள் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. பிகார் 2006-இல் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்குச் சைக்கிள் கொடுத்தபோது, கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் பக்கத்து ஜார்க்கண்டோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். வயதுக்கேற்ற பெண்களின் உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கை 32 விழுக்காடு கூடியது, ஆண் பெண் இடைவெளி 40 விழுக்காடு குறைந்தது. பள்ளி தொலைவில் இருந்த ஊர்களில்தான் பயன் அதிகம். இந்தத் திட்டங்கள் புதுக்கோட்டையைப் பார்த்து எழுந்தவை என்று நான் சொல்லவில்லை. தொலைவே தடை, சக்கரமே வழி என்ற அந்த அனுமானம் காற்றில் கட்டியதல்ல என்பது மட்டும் இதனால் உறுதிப்படுகிறது.

அடுத்த மறுப்பு இன்னும் கனமானது. இது அறிவியல் இயக்கத்தின் ஆண்டா, ஆட்சியர் அலுவலகத்தின் ஆண்டா? மாவட்டக் குழுவின் தலைவர் ஆட்சியர், பணம் தேசிய எழுத்தறிவு இயக்கத்தினுடையது, வங்கி அசைந்ததும் வட்டார அலுவலகம் அசைந்ததும் மேலிருந்து வந்த உத்தரவால். இயக்கத்தார் இல்லாவிட்டாலும் இது நடந்திருக்குமே என்று கேட்பவர்களுக்கு, அரசு மட்டும் நடத்திய முந்தைய முதியோர் கல்வி மையங்களின் கதையே விடை. அங்கே பணம் இருந்தது, உத்தரவு இருந்தது, பதிவேடும் இருந்தது. மாலை ஏழு மணிக்கு விளக்கைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வர ஆள்தான் இல்லை. ஆனால் மறுப்பில் பாதி உண்மை உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஓர் அறிவியல் அமைப்பு ஆட்சியரோடு கைகோத்தால் அவருடைய நாட்காட்டியும் சேர்ந்தே வருகிறது. ஆட்சியர் மாற்றலாகிப் போவார். அதற்குள் முடிய வேண்டும். முடிந்தது என்று சொல்ல ஒரு விழா வேண்டும், விழாவுக்குத் தேதி வேண்டும். ஆந்திரத்தின் நெல்லூரில் எழுத்தறிவு வகுப்பில் படித்த ஒரு கதையிலிருந்து பெண்களின் சாராய எதிர்ப்புப் போராட்டம் 1992-இல் வெடித்ததையும் இங்கே நினைக்க வேண்டும். படிக்கக் கற்றவர்கள் அடுத்து என்ன கேட்பார்கள் என்பது எந்த அரசுக்கும் முழுக்க விருப்பமான பாடமல்ல. எழுதப் படிக்கக் கற்ற பிறகு நடக்க வேண்டிய தொடர்கல்வி, முதல் கட்டத்தின் வேகத்தோடு நடக்காமல் போனதற்கு நிதி மட்டும் காரணமல்ல.

1992 ஆகஸ்டில் புதுக்கோட்டை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. என் வாதம் இடறும் இடம் இது, மறைக்கப் போவதில்லை. முழு எழுத்தறிவு என்பது இந்தத் திட்டத்தின் அகராதியில், பட்டியலில் இருந்த குறிப்பிட்ட வயதினரில் 80 விழுக்காடு போல அளவைத் தொடுவது. மேடையில் ஏறியதும் அந்த நிபந்தனைகள் உதிர்ந்தன. ஊருக்குப் போய்ச் சேர்ந்த செய்தி, இங்கே எழுதப் படிக்கத் தெரியாதவர் யாருமில்லை என்பது. 1994-இல் அருண் கோஷ் தலைமையிலான நிபுணர் குழு நாட்டின் எழுத்தறிவுப் பணிகளைப் பரிசீலித்தபோது, அவசர அறிவிப்புகளையும், கற்றது மறந்துபோகும் ஆபத்தையும், ஊதிப் பெருக்கிய எண்களையும் சுட்டிக்காட்டியது. புதுக்கோட்டையின் எழுத்தறிவு 2011 கணக்கெடுப்பில்கூட மாநிலச் சராசரியான 80 விழுக்காட்டை எட்டவில்லை. வரையறைகள் வேறு, வயதுவரம்பு வேறு, முதியவர்களையும் சேர்த்து எண்ணுகிறார்கள் என்பதெல்லாம் சரியான விளக்கங்களே. நானும் அவற்றை ஏற்கிறேன். ஆனால் அறிவித்த அன்றே இந்த விளக்கத்தையும் சொல்லியிருக்க வேண்டும். சோதனையின் முடிவை விழாத் தேதி தீர்மானிக்க விட்ட அன்று, ஓராண்டாக அறிவியலாக இருந்தது ஒரு மாலைப்பொழுதுக்கு அரசு விழாவாக மாறியது. கற்றவர்களில் ஒரு பகுதியினரையாவது ஐந்தாண்டு கழித்து, பத்தாண்டு கழித்து, அதே பெயர்ப் பட்டியலோடு தேடிப்போய் அதே பத்தியைக் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருந்தால், வயது வந்தோர் கற்ற எழுத்து எத்தனை காலம் தங்கும் என்ற கேள்விக்கு உலகுக்கே பயன்படும் விடை ஒன்று இந்த மாவட்டத்திலிருந்து கிடைத்திருக்கும். அதற்கு வேண்டிய பெயர், முகவரி, தொடக்க மதிப்பெண் எல்லாம் கையில் இருந்த ஆண்டு அது.

இப்போதும் முழுவதும் காலம் கடந்துவிடவில்லை. அன்று இருபது வயதில் சொல்லித்தந்த பெண்களுக்கு இன்று ஐம்பதுகளின் நடுப்பகுதி. முப்பதில் கற்றவர்கள் அறுபதுகளில் இருப்பார்கள். அறந்தாங்கியிலோ கீரனூரிலோ ஆலங்குடியிலோ உங்கள் வீட்டுப் பரணில், மஞ்சளாகிப்போன அட்டையோடு, தெருவாரியாகப் பெயர் எழுதிய அறிவொளி நோட்டு ஒன்று கிடந்தால், தயவுசெய்து அதைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். உங்கள் ஊர் அறிவியல் இயக்கக் கிளையிடமோ பக்கத்துக் கல்லூரி நூலகத்திலோ ஒப்படையுங்கள்.